உயர்த்துவதா, நிமிர்த்துவதா? - கொல்லிமலை ஜீப்புக்கு ஒரு கணக்கு

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்டது கொல்லிமலை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழாவே எடுக்கிறது. வில்லுக்குப் பெயர்போன அந்த மலையில் இன்றும் வில்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. அம்பு விட அல்ல, ஜீப்பைத் தாங்க! பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஸ்பிரிங்குக்குத் தமிழ் 'வில்' என்றுதானே படித்தோம்? ஜீப்புக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் இரும்புப் பட்டைகளைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும்.

இந்தக் கட்டுரை அந்த வில்லைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பழைய ஜீப் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இப்போது வந்திருக்கும் ஒரு ஆசையைப் பற்றியது. வண்டியைத் தூக்க வேண்டும் என்ற ஆசை. 'லிஃப்ட் கிட்' என்கிறார்கள். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், சில நேரம் அதற்கும் மேலே உயர்த்துவது. யூடியூபில் பார்த்தால் வண்டி ஆள் உயரச் சக்கரத்தோடு பாறைமேல் ஏறி நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஜீப்புக்கும் தேவையா?

தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. பழைய ஜீப்பை உயர்த்துவதற்கு முன்னால், அது இழந்த உயரத்தை மீட்டுக் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஏன் என்று பார்ப்போம்.

இடமும் வண்டியும்

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை 14 நாடுகளாகப் பிரிந்தது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பெரக்கரை நாடும் ஒன்று. காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலையும் உண்டு. மேலே மிளகு, காபி, பலா, அன்னாசி, வாழை, சாமை, மரவள்ளிக் கிழங்கு. விளைவது மேலே, விற்பது பெரும்பாலும் கீழே. ஆகவே மலையில் ஒரு வண்டி என்பது அழகுப் பொருள் அல்ல. மூட்டை இறங்க வேண்டும், மளிகை ஏற வேண்டும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் போக வேண்டும்.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டு மலைகள் எல்லாவற்றிலும் காலம் காலமாக ஓடியது மஹிந்திரா ஜீப். 1940களில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டிக் கொடுத்ததில் தொடங்கியது அந்த நிறுவனத்தின் வண்டிக் கதை. சிஜே, எம்எம் 540, மேஜர், கமாண்டர் என்று பெயர் மாறினாலும் அடியில் இருக்கும் சங்கதி ஒன்றுதான்: நீள இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் கெட்டியான ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். மாருதி ஜிப்ஸியும் 1985இல் வந்தபோது அதே பாணிதான். 2010இல் வந்த முதல் தார் வண்டியில் முன்பக்கம் மாறியது. 2020இல் வந்த புதிய தாரில் பட்டையே போய்ச் சுருள்வில் வந்துவிட்டது. (தார் ரோட்டில் ஓடும் தார்தான் அதிகம் என்பது வேறு கதை!)

இங்கே பேசுவது பட்டை வைத்த பழைய வண்டிகளைப் பற்றி மட்டும்.

வண்டி ஏன் தாழ்ந்தது?

இருபது முப்பது வருடம் சுமை தூக்கிய பட்டை தளர்ந்துபோகும். வில் போல வளைந்திருந்தது நேராகிவிடும். சிலதில் எதிர்ப்பக்கமே வளைந்துவிடும். பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஷேக்கிளில் இருக்கும் புஷ் தேய்ந்து வட்டம் முட்டையாகும். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று வண்டியே சாய்ந்து நிற்கும்.

இப்படி ஒரு வண்டி வாங்கியவர் என்ன நினைக்கிறார்? "கல்லில் அடி இடிக்கிறது, எனவே லிஃப்ட் போட வேண்டும்." இங்கேதான் முதல் தவறு. அவருக்கு இல்லாதது கூடுதல் உயரம் அல்ல, கம்பெனி கொடுத்த அசல் உயரம்! இறங்கிப்போன பட்டையின் மேல் லிஃப்ட் கிட் போடுவது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டின்மேல் மாடி கட்டுவதற்குச் சமம்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதற்கு நேர்மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் ஒன்றாக இருக்கிறதா? அதே மாடலில் நல்ல பட்டை உள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவு? இந்த நான்கு எண்கள் கையில் இல்லாமல் லிஃப்ட் பற்றிப் பேசுவது, இருப்புநிலைக் குறிப்பு பார்க்காமல் கம்பெனிப் பங்கு வாங்குவது போலத்தான்.

தூக்கும் வழிகள்

பட்டை வண்டியைத் தூக்க ஐந்தாறு வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை பில்லில் மட்டும் இருக்காது.

முதல் வழி, பட்டைக்கு மறுபடி வளைவு ஏற்றுவது அல்லது புதுப் பட்டை செட் போடுவது. இதில் கிடைப்பது அசல் உயரம். வேண்டுமானால் ஒரு அங்குலம் கூட. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் மலைக்குக் கீழேயே இருக்கிறது. பட்டை வேலை தெரிந்த பட்டறைக்கு அங்கே பஞ்சமில்லை. பெங்களூருக்கும் கோவாவுக்கும் போன் போட்டு கிட் தேடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம்: அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறப்போட்டால் எஃகு தன் முறுக்கை இழந்துவிடும். எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். அது சந்தேகம் என்றால் புதுப் பட்டையே மேல்.

இரண்டாவது வழி, கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. மலிவு. மூட்டை ஏற்றுகிறவர்களுக்குப் பிடித்த வழியும் இதுதான். ஆனால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். காலி வண்டி குழியில் விழுந்தால் குதிரை போல எகிறும். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

மூன்றாவது, நீளமான ஷேக்கிள். பட்டையின் ஒரு நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஊஞ்சல் துண்டுதான் ஷேக்கிள். அதை 2 அங்குலம் நீளமாக்கினால் வண்டி 2 அங்குலம் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். உயராது! ஷேக்கிள் இருப்பது ஒரு நுனியில் மட்டும். ஆக்சில் இருப்பது நடுவில். ஆகவே கிடைப்பது பாதி, அதாவது 1 அங்குலம்தான். அதோடு ஆக்சில் லேசாகத் திரும்பிவிடும். முன் ஆக்சில் திரும்பினால் ஸ்டியரிங்கின் கோணம் மாறும். வேகத்தில் வண்டி நேராக நிற்காமல் அலையும், அல்லது வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. 70 வளைவில் இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய சிஜே வகை ஜீப்பில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது. அதில் நடுவே கட்டை வைத்தால் வண்டி உயராது, தாழும்! பட்டை மேலே இருக்கும் வண்டிகளுக்குத்தான் இந்த வழி. அதிலும் முன்பக்கம் வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது வரும் விசையில் கட்டை நகர்ந்தால் ஆக்சிலே இடம் மாறும்.

ஐந்தாவது, எல்லோரும் பெருமையாகப் பேசுவது. கீழே இருக்கும் பட்டையை எடுத்து ஆக்சிலுக்கு மேலே வைப்பது. ஆக்சில் குழாயின் தடிமனும் பட்டை அடுக்கின் தடிமனும் சேர்ந்து ஒரே அடியாகச் சுமார் 5 அங்குலம் உயரும். பழைய பட்டையே போதும் என்பதால் மலிவு போலத் தெரியும். ஆனால் ஆக்சிலில் புதிய இருக்கை பற்றவைக்க வேண்டும். ஸ்டியரிங் ராடின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் குழியில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பிரேக் ஹோஸ் நீளமாக வேண்டும். ஷாக் அப்சார்பர் நீளமாக வேண்டும். எம்எம் 540 போன்ற குட்டை வண்டியில் பின் புரொப்பல்லர் ஷாஃப்டும் குட்டை. ஆகவே அதன் கோணம் வெகுவாகச் செங்குத்தாகும், யுனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும். இவற்றில் ஒன்றை விட்டாலும் வேலை பாதி வேலைதான்.

ஆறாவது, சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குவது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் அடியில் சட்டமும் கியர்பாக்ஸும் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லுக்கு அது தெரியுமா?

எந்த உயரம் உண்மையான உயரம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன ஆறில் எதுவுமே ஆக்சிலை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்துவதில்லை! சட்டம் உயர்கிறது, கியர்பாக்ஸ் உயர்கிறது, பாடி உயர்கிறது. ஆனால் ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் அதே இடத்தில்தான் இருக்கும். கெட்டி ஆக்சில் வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பதே அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் விட்டம் 2 அங்குலம் கூடினால் டிஃபரன்ஷியல் உயர்வது 1 அங்குலம்.

லிஃப்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சக்கரத் தடம் என்று இருக்கும் மண் பாதையில் வண்டியின் வயிறு தட்டாமல் இருக்க அது உதவும். திடீர் ஏற்றத்தில் முன் பம்பர் இடிக்காமல் இருக்கவும் உதவும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கவும் இடம் தரும். ஆனால் அதற்கு ஒன்று இரண்டு அங்குலம் போதும். தளர்ந்த பட்டையை நிமிர்த்தினாலே அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

சரி, பெரிய டயர் போடலாமா? 6.00-16 டயரை எடுத்துவிட்டு 7.00-16 போட்டால் விட்டம் சுமார் 29 அங்குலத்திலிருந்து 31 அங்குலம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 7 சதவீதம். கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆனால் அந்த 7 சதவீதம் மூன்று இடத்தில் கழியும். ஏறும்போது எல்லாக் கியரும் 7 சதவீதம் வேகக் கியராக மாறும், 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சின் ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஏற்றத்தில் இன்னும் கஷ்டப்படும். இறங்கும்போது எஞ்சின் பிடிப்பும் அதே அளவு குறையும். மூன்றாவதுதான் கவலையானது: பழைய ட்ரம் பிரேக் அதே அளவு பிடித்தாலும், பெரிய சக்கரத்தின் விளிம்பில் அந்தப் பிடி 7 சதவீதம் குறைவாகத்தான் போய்ச் சேரும். மூட்டையோடும் ஆளோடும் 70 வளைவு இறங்குகிற வண்டிக்கு எது அதிகம் வேண்டும், உயரமா, பிரேக்கா?

மாட்டிக்கொண்ட வண்டியை மீட்பது எது?

இரண்டாவது வழியில் ஒரு நஷ்டம் பாக்கி என்று சொன்னோம் அல்லவா? அது இதுதான்.

பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல்தான் இருக்கும். அதன் குணம், ஒரு பக்கச் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும். தரையில் இருக்கும் மறுசக்கரம் நின்றுவிடும். ஆகவே மேடுபள்ளமான பாதையில் வண்டியை நகர்த்துவது உயரம் அல்ல. நான்கு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது. அதற்கு ஸ்பிரிங் இளக்கமாக இருந்து, ஒரு சக்கரம் மேலேறும்போது மறுசக்கரம் கீழே இறங்கிக்கொடுக்க வேண்டும்.

கூடுதல் பட்டை போட்டு விறைப்பாக்கிய வண்டியில் சக்கரம் இறங்காது. நல்ல உயரமாக, கம்பீரமாக, ஒரு காலைத் தூக்கியபடி அங்கேயே நின்றுகொண்டிருக்கும்! அதே வண்டியில் துருவெல்லாம் சுரண்டி, புஷ் மாற்றி, பட்டைக்கு நடுவில் கிரீஸ் தடவி, சரியான நீளத்தில் புது ஷாக் அப்சார்பர் போட்டிருந்தால் பேசாமல் ஏறிப் போயிருக்கும். மண்ணுக்கேற்ற டயரும், சேற்றில் கொஞ்சம் காற்றைக் குறைக்கும் பழக்கமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. (மேலே தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று அடிக்க மறக்கக் கூடாது.) இந்த வேலைகள் எதுவும் போட்டோவில் தெரியாது. அதனால்தானோ என்னவோ யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

சாய்வின் கணக்கு

உயரம் கூடக் கூட வண்டி கவிழ்வது சுலபம் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சுலபம் என்று ஒரு காகிதக் கணக்கு போடலாம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே அகலம் 50 அங்குலம், எடை மையம் தரையிலிருந்து 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டி பக்கவாட்டில் சுமார் 44 டிகிரி சாய்ந்தால் கவிழும். இப்போது பட்டையை ஆக்சிலுக்கு மேலே மாற்றி 5 அங்குலம் தூக்குகிறோம். ஆக்சிலும் சக்கரமும் உயராது என்பதால் மொத்த எடை மையம் 4 அங்குலம் ஏறும் என்று கொள்ளலாம். இப்போது கவிழும் கோணம் சுமார் 40 டிகிரி.

"நாலு டிகிரிதானே?" என்று கேட்கலாம். இது அசையாத வண்டிக்குக் காகிதத்தில் போட்ட கணக்கு. நிஜத்தில் ஸ்பிரிங் சாயும், டயர் நசுங்கும், மேலே கட்டிய மூட்டை சாயும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வளைவில் ஒரு பக்கம் சரிவார்கள். எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை இன்னும் கீழே கொண்டுவரும். மலைப்பாதையில் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும் அந்த ஒரு நொடியில், இருந்த நாலு டிகிரிதான் எல்லாமே.

யாரும் எழுதாத செலவு

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது.

வண்டி 5 அங்குலம் உயர்ந்தால் பின்பலகையும் 5 அங்குலம் உயரும். ஒவ்வொரு மரவள்ளி மூட்டையையும் ஒருவர் தன் முதுகில் அந்த 5 அங்குலம் கூடுதலாகத் தூக்க வேண்டும். மூட்டு வலியுள்ள பாட்டி ஒருவர் சந்தைக்குப் போக அந்தப் படியில் கால் வைக்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்ற வேண்டியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏற வேண்டியிருக்கும். லிஃப்ட் போட்டவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சட்டென்று ஏறிவிடுவார். செலவு அவருடையது அல்ல, மற்றவர்களுடையது. பொருளாதாரத்தில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். மலையில் ஒரு ஜீப் பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. ஆர்சி புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் தேவை என்று வரும்போது அது ஊர் வண்டி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே 2019இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவில் வைத்திருக்கிறது. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டை ஒன்று, டயர் ஒன்று, பம்பர் ஒன்று என்று எண்ண ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

பழைய வண்டிக்கு இது இன்னும் முக்கியம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 5 அங்குலம் தூக்கிய வண்டியை அங்கே எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது? விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் பணத்தில் பிரச்சினை வரலாம். அடிபட்டவர் குடும்பத்துக்கு அப்போது யார் பதில் சொல்வது?

மாறாக, தளர்ந்த பட்டையை அசல் அளவுக்கு நிமிர்த்துவது மாற்றம் அல்ல, பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் பயப்பட வேண்டியதில்லை.

"வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்களே" என்பார்கள். வெளிநாட்டிலும் கணக்கு உண்டு. ஆஃப்ரோடு மோகத்துக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்களில் சஸ்பென்ஷனை 50 மி.மீ. அளவுக்கு, அதாவது 2 அங்குலத்துக்கு மேல் தூக்கினால் பொறியாளர் சான்று கேட்கிறார்கள். இங்கே 5 அங்குலத்தை ஒரு மதியத்தில் பற்றவைத்துவிட்டு மாலையில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம்.

அப்படியானால் யாருக்கு லிஃப்ட்?

போட்டிக்குப் போகிறவர்களுக்கு. 2014 முதல் கோவாவில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற பந்தயங்களைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசை வந்தது. அந்த வண்டிகள் அதற்காகவே கட்டியவை. உள்ளே இரும்புக் கூண்டு, பெல்ட், ஹெல்மெட் எல்லாம் உண்டு. மூட்டையும் பாட்டியும் அதில் ஏறுவதில்லை. தனியிடத்தில் விளையாட என்று ஒரு வண்டி, எல்லா வேலையும் முழுசாகச் செய்ய பணம், முறையான அனுமதி, இவை மூன்றும் இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். அது அவரவர் விருப்பம்.

மற்றவர்களுக்கு வரிசை இதுதான். முதலில் நான்கு மூலையும் அளக்கவும். பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து, விரிசல் விட்டதை மாற்றி, வளைவு ஏற்றவும். முடிந்தால் புது செட் போடவும். புஷ், ஷேக்கிள் பின், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது போடவும். ஷாக் அப்சார்பரை நான்கும் மாற்றவும். பிரேக்கைச் சரிசெய்யவும். கம்பெனி அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் நல்ல மண் டயர் போடவும். கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு தகடு அடிக்கவும். இதற்குப் பிறகும் அதே பாதையில் வயிறு இடிக்கிறதா என்று ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்க்கவும். இடித்தால் அப்போது ஒரு அங்குலம் பற்றி யோசிக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு அந்த யோசனையே வராது.

ஏற்கெனவே கிட் வாங்கிவிட்டவர்கள் "பணம் போட்டாச்சே" என்று மாட்டிவிடக் கூடாது. போன பணம் போனதுதான். அது மூழ்கிய செலவு. அதற்காக இன்னும் நான்கு செலவை இழுத்துக்கொள்வது குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதையாகிவிடும்.

கடைசியாக ஒன்று. ஜீப்பின் வயிறு ஏன் இடிக்கிறது? பாதை அப்படி இருப்பதால். பெரக்கரை நாட்டிலோ வேறு எந்த மலை நாட்டிலோ, ஊருக்குள் போகும் கடைசி மைலைச் செப்பனிட்டுவிட்டால் லிஃப்ட் தேவைப்படும் காரணத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதுவும் ஜீப் வைத்திருப்பவருக்கு மட்டும் அல்ல. டூவீலரில் போகிறவருக்கும், தலையில் சுமந்து நடக்கிறவருக்கும், 108 வண்டிக்கும் சேர்த்துத் தீரும். ஒவ்வொருவரும் தன் வண்டியை 5 அங்குலம் தூக்கிக்கொண்டால் பாதையைப் பற்றி யார் கேட்பார்கள்? வண்டியை உயர்த்த ஆகும் பணத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுகிறவர்கள், அதில் கொஞ்சம் நேரத்தைக் கிராம சபையில் எழுந்து நின்று பாதை கேட்கவும் ஒதுக்கலாமே!

அதுவரை, பட்டையை நிமிர்த்துங்கள். பிரேக்கைப் பாருங்கள். பத்திரமாக இறங்குங்கள்.